வெளிச்சத்தில் பார்த்த கரு

காஞ்சிபுரத்தில் எதையும் பார்க்காமல் எடுக்கும் வழக்கம் கிடையாது. பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதல்ல. கடைக்குள் டியூப்லைட்டுக்குக் கீழே புடவையை விரித்துக் காட்டினால் போதாது. அதை வாசலுக்குக் கொண்டுபோய்த் தெரு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் அது என்ன நிறம் என்பதை ஒரு குடும்பம் ஒப்புக்கொள்ளும். மணப்பெண், அவள் அம்மா, வரப்போகிற மாமியார், அத்தை, அந்தப் பக்கமாகப் பால் வாங்கப் போன இரண்டு பேர் என்று எல்லோரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அபிப்பிராயம் சொல்வார்கள். இந்தப் பழக்கத்தால் இதுவரை எந்தப் புடவையும் இறந்துபோனதாகத் தகவல் இல்லை.

திருவாளர் வரதராஜன் இந்தப் பழக்கத்தை மதித்து வாழ்ந்தவர். காந்தி ரோட்டில் 'வம்சோதயா பட்டு மாளிகை' அவருடையது. தன்னிடம் முகூர்த்தப் புடவை எடுத்துப்போன பெண்களில் பலர் சில வருஷம் கழித்துச் சென்னைக்குப் பஸ் ஏறி, கருத்தரிப்பு மையங்களில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக அவர் கேள்விப்பட்டார். நம் வாடிக்கையாளர் வேறு வாசல் ஏறுவதா என்று அவருக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு நல்ல நாள் பார்த்துப் பெயர்ப்பலகையில் 'பட்டு' என்ற சொல்லை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'கருத்தரிப்பு' என்று எழுதச் சொன்னார். இடம் சின்னது, சொல் பெரியது. எழுத்துகள் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தவர்கள்போல ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. மாளிகை மாளிகையாகவே இருந்தது. வெள்ளை மெத்தைகளும் ஆளுயரக் கண்ணாடிகளும் இருந்தன. மூத்த விற்பனையாளர் குப்புசாமியும் இருந்தார். அவருக்கு ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்து, நெஞ்சில் 'கருத்தேர்வு ஆலோசகர்' என்று வில்லை குத்தினார்கள்.

புதிதாக வந்தவர்கள் இரண்டே பேர். வைத்தியம் பார்க்க டாக்டர் மங்கையர்க்கரசி. ஆய்வகத்தில் கருவை வளர்க்கக் கிருஷ்ணவேணி.

இந்த மாளிகைக்குத்தான் சிட்டிபாபுவும் பிரவீனாவும் வந்தார்கள். சிட்டிபாபு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத் தொழிற்சாலை ஒன்றுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிச்செல்லும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். பிரவீனா, பட்டுப் புடவைகளுக்குப் பிளவுஸ் தைப்பவள். திருப்பருத்திக்குன்றத்தில் வீடு. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. இதற்கு முன் வேறு ஊர்களில் இரண்டு தடவை முயன்றாகிவிட்டது. இரண்டு தடவையும் மூன்றாம் நாளே கருவை எடுத்து வயிற்றில் வைத்தார்கள். இரண்டு தடவையும் தங்கவில்லை.

டாக்டர் மங்கையர்க்கரசி ஸ்கேனை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுதாம்மா கடைசி. இதுக்கு மேல உங்க உடம்புல முட்டை வராது. வர்றத நல்லா வளர்த்து, இந்தத் தடவை அஞ்சாம் நாள் வைப்போம்."

அதற்கு என்ன அர்த்தம் என்பதை வராந்தாவில் கிருஷ்ணவேணிதான் விளக்கினாள்.

"மூணாம் நாள்ல எல்லாக் கருவும் ஒரே மாதிரிதான்ணா தெரியும். எது தாங்கும், எது தாங்காதுன்னு சொல்ல முடியாது. அஞ்சாம் நாள் வரைக்கும் வெளியிலயே வளர்த்தா, வலுவுள்ளது மட்டும் குமிழி மாதிரி உப்பிக்கினு நிக்கும். அதை வெச்சா ஒட்டறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி."

"அதுக்கு நாங்க என்னாம்மா செய்யணும்?"

"ஒன்னும் செய்யக் கூடாதுண்ணா. இருட்டு, ஒரே அளவு சூடு, ஆட்டாம அசைக்காம இன்குபேட்டர் பெட்டிக்குள்ள விட்டுடணும். அதான் வைத்தியமே."

சிட்டிபாபுவுக்கு இது உடனே புரிந்தது. "நம்ம அத்திவரதரு மாதிரி. குளத்துக்குள்ள நாப்பது வருஷம் படுத்துக்கினு இருக்கிறாரு. நடுவுல யாரும் தொறந்து பாக்கறதில்ல."

"இங்க அஞ்சே நாள்தான்ணா" என்றாள் கிருஷ்ணவேணி.

கடவுளை நாற்பது வருஷம் சும்மா விட்ட ஊருக்கு ஒரு கருவை ஐந்து நாள் சும்மா விடுவதா கஷ்டம் என்று சிட்டிபாபு நினைத்தான். மாளிகையில் எதையும் சும்மா விட்ட அனுபவம் எவருக்கும் இல்லை என்பது அவனுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை முட்டை எடுத்தார்கள். மறுநாள் ஐந்து கருக்கள் உருவாகிவிட்டதாகச் செய்தி வந்தது. சிட்டிபாபுவின் அம்மா செல்லியம்மாள் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தாள். புதன்கிழமை விடிந்ததும் பிரவீனாவின் வாட்ஸ்அப்பில் ஐந்து படங்கள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு கரு, சுற்றிலும் ரோஜாப்பூ, மேலே 'இனிய காலை வணக்கம்', கீழே மாளிகையின் முகவரி. மதியம் 'இனிய மதிய வணக்கம்' வந்தது.

பிரவீனா மாளிகைக்குப் போன் போட்டாள். "மேடம், போட்டோ எடுக்கறதுக்குப் பெட்டியைத் தொறக்கறீங்களா?"

"மூடின பெட்டிய போட்டோ எடுத்தா உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றது வரவேற்பு மேசை. "நைட்டு ஒன்னு வரும், பாருங்க. அது ஸ்பெஷல் டிசைன்."

வியாழக்கிழமை கருத்தேர்வு. குடும்பத்தோடு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பிரவீனா இடுப்பு வலியோடு ஓரமாக உட்கார, செல்லியம்மாளும் தாமலிலிருந்து வந்திருந்த பிரவீனாவின் பெரியம்மா அம்சாவும் வெள்ளை மெத்தையில் கால் நீட்டி அமர்ந்தார்கள். ரோஸ்மில்க் வந்தது. எதிரே பெரிய டிவி. அதன் பக்கத்தில் மைக்ராஸ்கோப். குப்புசாமி கைகூப்பினார்.

"வாங்கம்மா, வாங்க. என்ன மாதிரி பாக்கறீங்க?"

"ஆம்பளப் புள்ளயா எடுத்துப் போடுப்பா" என்றாள் செல்லியம்மாள்.

"அது மட்டும் கேக்கக் கூடாதும்மா. சட்டம். என்னைத் தூக்கி உள்ள வெச்சிடுவாங்க. மத்தபடி என்ன வேணா கேளுங்க." அவர் முதல் கருவைத் திரையில் போட்டார். "இது பாருங்க. செல்லுங்க கொஞ்சம் பெருசும் சிறுசுமா இருக்குது, வளர்ச்சியும் மெதுவு. ஆனா பாந்தமா இருக்கும்."

"மொதல்லயே மட்டமானத எடுத்துக் காட்டறான் பாரு" என்றாள் அம்சா.

"வேணாம்னா ஒதுக்கிடலாம்மா. நம்ம கிட்ட சரக்குக்கா பஞ்சம்." குப்புசாமி அதை உள்ளங்கை அளவுள்ள தனி டிஷ்ஷில் ஒதுக்கிவிட்டு, பட்டியலிலும் அடித்தார். வாசற்படியில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற கிருஷ்ணவேணி அந்த டிஷ்ஷை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். முன்னறையிலிருந்த புதுப் பெட்டியில் பட்டியலில் அடித்துப்போட்டதை வைக்க அனுமதி இல்லை. எனவே பின்னறையில், வண்ணம் உரிந்து ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்த பழைய பெட்டியில் வைத்து மூடினாள். பார்க்க லட்சணமாக இல்லாததால் அந்தப் பெட்டியை யாருக்கும் காட்டுவதில்லை.

மீதி நான்கும் ஒரே டிஷ்ஷில் இருந்தன. குப்புசாமி ஒவ்வொன்றாகத் திரைக்குக் கொண்டுவந்தார்.

"இது எட்டு செல்லு. ஒரே சீரு. எங்கயாவது ஒரு இழை பிசகியிருக்குதா, சொல்லுங்க?"

"ஓரத்துல என்னா அது, அழுக்கு மாதிரி?"

"அதும்மா, உடைஞ்ச துணுக்கு. ஒரு தண்ணி நனைச்சா..." என்று வழக்கம்போல ஆரம்பித்தவர், சுதாரித்து, "அது தானாப் போயிடும்" என்று முடித்தார்.

"அத்த, போதும் அத்த. உள்ள வெச்சிடட்டும்" என்றாள் பிரவீனா.

"சும்மா இரும்மா. நாளைக்கு ஏதாவது ஒன்னுன்னா நீ பாக்கலியான்னுதான் என்னைக் கேப்பாங்க." செல்லியம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். "ஏம்பா, இந்த லைட்டுல எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்குது. வெளிச்சத்துல காட்டு."

முப்பது வருஷமாக அந்த இரண்டு சொற்களுக்குப் பழகிய கால்கள் குப்புசாமியுடையவை. மூளைக்குத் தகவல் போவதற்குள் அவை எழுந்துவிட்டன. டிஷ்ஷை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு அவர் வாசலுக்குப் போனார். பின்னாலேயே செல்லியம்மாள், அம்சா, ரோஸ்மில்க் கொண்டுவந்தவன். காந்தி ரோட்டில் நல்ல வெயில். குப்புசாமி டிஷ்ஷைச் சூரியனுக்கு நேரே உயர்த்திப் பிடித்து, "இப்பப் பாருங்க" என்றார். அம்சா முந்தானையால் கண்ணுக்கு மறைப்புக் கட்டிக்கொண்டு பார்த்தாள். எதிர்க்கடை வாசலில் நின்ற பூக்காரி, இந்தப் பக்கம் இருப்பது கொஞ்சம் எடுப்பாக இருப்பதாகச் சொன்னாள். வெளிச்சத்தில் அவற்றுக்கு எந்த நிறமும் இல்லை.

கிருஷ்ணவேணி ஓடிவந்து டிஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் போன வேகம் வாடிக்கையாளரை அவமதிப்பதாக இருந்தது என்று குப்புசாமி பின்னர் நிர்வாகத்திடம் முறையிட்டார்.

அன்று மாலையே சிட்டிபாபு வரதராஜனின் அறைக்குப் போனான். காக்கிச் சட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"சார், பெட்டியத் தொறக்க வேணாம்னு சொல்லுங்க சார். எங்களுக்கு இதான் கடைசி."

வரதராஜன் அவனைப் பாசத்தோடு பார்த்தார்.

"தம்பி, எங்கப்பா நாற்பது வருஷம் புடவை வித்தாரு. ஒரு நாளும் மூடின பொட்டலம் கொடுத்ததில்ல. நீங்க கஷ்டப்பட்டுப் பணம் கட்டறீங்க. உள்ள வளருது, நம்புன்னு சொன்னா நம்பிடுவீங்களா? காட்டணும். காட்டிக்கிட்டே இருக்கணும். மத்த ஆஸ்பத்திரிக்காரங்க ஏன் பூட்டி வெக்கறாங்க? மறைக்க ஏதோ இருக்கு. நம்ம மாளிகையில மறைக்க ஒன்னுமே கிடையாது. வேணும்னா ராத்திரியும் திறந்து வெக்கச் சொல்றேன்."

"ஐயோ வேணாம் சார்."

"பாத்தீங்களா, எவ்வளவு பெருந்தன்மை உங்களுக்கு" என்று வரதராஜன் கைகுலுக்கினார்.

சிட்டிபாபு வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்தான். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வருஷக்கணக்காக அதை யாரும் மதித்ததில்லை. அதை நகத்தால் மெல்ல உரித்தெடுத்துக்கொண்டு திரும்பிப் போய், கிருஷ்ணவேணியிடம் கெஞ்சி, புதுப் பெட்டியின் கதவில் ஒட்டினான். 'வண்டி ஓடும்போது கதவைத் திறக்காதீர்.'

வெள்ளிக்கிழமை காலையில், வெளியே போய்வந்த நான்கில் இரண்டு வளர்ச்சி நின்றுபோயிருந்தன. அதே நாளில் தரச்சான்றுக் குழு வந்தது. கருக்களைத் தொந்தரவில்லாமல் பாதுகாக்கும் மையங்களுக்குக் கேடயம் கொடுக்கும் குழு அது. பெட்டிக் கதவு நாள் முழுவதும் மூடியே இருக்கிறதா என்று அவர்கள் சோதிக்க வேண்டும். அதனால் கால் மணிக்கொருதரம் கதவைத் திறந்து பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும், திறப்பதற்கு முன் கதவு மூடியே இருந்தது. குழுவுக்குப் பரம திருப்தி. உறுப்பினர் ஒருவர் மட்டும் மஞ்சள் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, "வண்டி எங்கே?" என்று விசாரித்தார். ஸ்டிக்கர் மாளிகையின் இளஞ்சிவப்போடு ஒத்துப்போகவில்லை என்று வரதராஜன் அதை எடுக்கச் சொன்னார். கிருஷ்ணவேணி அதைக் கிழியாமல் உரித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் கேடயம் வழங்கப்பட்டது. அதற்குள் இன்னொரு கருவும் நின்றுவிட்டது.

மிஞ்சியது ஒன்று. சனிக்கிழமை காலையில் அது குமிழி மாதிரி உப்பி நின்றது. கிருஷ்ணவேணி போன் செய்தாள். "அக்கா, சூப்பரா இருக்குது. உடனே வாங்க. வர்றப்ப நிறையத் தண்ணி குடிச்சிட்டு வாங்க. மூத்திரப்பை நிறைஞ்சிருந்தாதான் ஸ்கேன்ல கர்ப்பப்பை தெளிவாத் தெரியும், டாக்டரு சரியான இடத்துல வெக்க முடியும்."

பிரவீனா வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டு வந்தாள். மாளிகை வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது. மேலே துணிப்பலகை: 'கரு ஐந்தாம் நாள் தேர்ச்சிப் பெருவிழா.'

பிரவீனாவை உள்ளே படுக்க வைத்தார்கள். சிட்டிபாபுவைக் கூடத்துக்கு அழைத்துப்போய்ச் சால்வை போர்த்தி மேடையில் உட்கார வைத்தார்கள். டாக்டர் மங்கையர்க்கரசியும் சால்வையோடு அங்கே உட்கார்ந்திருந்தார். நடுவில் பூ அலங்காரத்தோடு ஒரு வெள்ளித் தட்டு, அதைச் சுற்றிச் சீரியல் லைட். ராகு காலம் கழிந்து பத்தரைக்கு விழா. சிறப்பு விருந்தினரான முன்னாள் நலவாரியத் தலைவர் தன் கையாலேயே கருவை எடுத்து டாக்டரிடம் கொடுப்பார் என்று அறிவித்தார்கள்.

"சார், அது வெளியில ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது" என்று கிருஷ்ணவேணி மேடைக்குக் கீழேயிருந்து வரதராஜனின் வேட்டி நுனியை இழுக்காத குறையாகக் கெஞ்சினாள்.

"பாப்பா, அவர் திறந்து வெச்ச ரேஷன் கடை எத்தனை, பஸ் ஸ்டாப் எத்தனை தெரியுமா? ஒன்னாவது மூடினதா கேள்விப்பட்டிருக்கியா?"

தலைவர் வந்தபாடில்லை. பெருமாள் புறப்பாட்டுக்குப் பின்னால் அவர் கார் மாட்டிக்கொண்டதாம். உள்ளேயிருந்து பிரவீனா போன் செய்தாள்.

"என்னங்க, என்னால தாங்க முடியல. எப்ப கூப்பிடுவாங்க?"

"இதோ வந்துக்கினு இருக்கிறாரும்மா. கொஞ்சம் அடக்கிக்க."

"போயிட்டு வந்திடவா?"

"போனா மறுபடியும் மொதல்லேர்ந்து தண்ணி குடிக்கணுமாம். இரும்மா. அதுக்காக இரு."

அவள் போனை வைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது மட்டும் கேட்டது. சிட்டிபாபு போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தான்.

ஒருவழியாகத் தலைவர் வந்தார். கூடவே டிஷ்ஷும் வந்து வெள்ளித் தட்டில் அமர்ந்தது. எடுத்துக்கொடுப்பதற்கு முன் ஓரிரு வார்த்தை பேசுமாறு வரதராஜன் கேட்டுக்கொண்டார். தலைவர் தம் பொதுவாழ்வில் சுகாதாரத்துறை விழாக்களுக்கென்று ஒரே ஓர் உரையைத்தான் தயாரித்து வைத்திருந்தார். அது குடும்பக் கட்டுப்பாடு பற்றியது.

"பெரியோர்களே, தாய்மார்களே. இந்த நாட்டின் முதல் எதிரி யார்? பிறந்துகொண்டே இருக்கிறார்களே, அவர்கள்தான். தாமல் ஏரி ஏன் வற்றுகிறது? ஜனத்தொகை. ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் ஏன் உட்கார இடமில்லை? ஜனத்தொகை. இங்கே சால்வையோடு உட்கார்ந்திருக்கும் இந்தத் தம்பியைப் பாருங்கள். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் ஒரு குழந்தைகூட இல்லாமல் தேசத்துக்குத் தொண்டு செய்திருக்கிறார். இவரல்லவோ முன்மாதிரி."

கூட்டம் கைதட்டியது. வரதராஜனும் தட்டினார். சீரியல் லைட் பச்சையிலிருந்து சிவப்புக்கும் சிவப்பிலிருந்து பச்சைக்கும் மாறிக்கொண்டிருந்தது. கீழே கிருஷ்ணவேணி வாயைப் பொத்திக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிட்டிபாபு எழுந்தான். அவன் வாழ்க்கையில் ஒரு மேடையில் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. நேராக வெள்ளித் தட்டை நோக்கிப் போய், டிஷ்ஷை எடுக்கக் குனிந்தான். தன் காலில் விழுகிறான் என்று தலைவர் நினைத்துக்கொண்டார். அவன் தலையில் கையை வைத்து அழுத்தி, ஆசீர்வதித்த கையை எடுக்காமலே பேச்சை ஆற்றுநீர்ப் பங்கீட்டுக்குக் கொண்டுபோனார். போட்டோகிராபர் ஓடிவந்து, "சார், அப்படியே இருங்க, அப்படியே" என்றார். சிட்டிபாபு அப்படியே இருந்தான். டிஷ் அவன் விரல் நுனிக்கு ஒரு சாண் தள்ளியிருந்தது. காதிலிருந்து நழுவிய போன் பூக்களுக்கிடையில் விழுந்து, "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

உரை முடிந்ததும் தலைவர் டிஷ்ஷை எடுத்து டாக்டரிடம் கொடுத்தார். கிருஷ்ணவேணி அதை வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. டாக்டரும் வந்து பார்த்தார். பிறகு பிரவீனா படுத்திருந்த அறைக்குப் போய், அவள் காலடியில் நின்று, சால்வை நுனியை மடித்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க பாத்ரூம் போயிட்டு வந்துடுங்கம்மா."

பிரவீனாவுக்கு வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் மெதுவாக இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் அழுத சத்தம், விழா மாபெரும் வெற்றி என்று வரதராஜன் மைக்கில் அறிவித்த சத்தத்தில் அமுங்கிவிட்டது.

போகும்போது நினைவுப் பரிசாக அந்தக் கருவின் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் அதை எங்கே மாட்டுவது என்று செல்லியம்மாள் கேட்டாள். பிறகு தானே அதைப் பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைத்துவிட்டு, அடுக்களையில் போய் உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் கழித்து, "நான்தான்டா வெளிச்சத்துல காட்டச் சொன்னேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிருஷ்ணவேணி போன் செய்தாள்.

"அண்ணா, அந்த ஒதுக்கிப் போட்டது ஞாபகம் இருக்குதா?"

"எது?"

"மட்டமா இருக்குதுன்னு பெரியம்மா வேணாம்னாங்களே. அது பழைய பெட்டியிலதான் இருந்திச்சு. லிஸ்ட்டுல இல்லாததால ஒருத்தரும் தொறக்கல. போட்டோ எடுக்கல. நானும் தொடல. இன்னிக்குத்தான் பாத்தேன்." அவள் குரல் தாழ்ந்தது. "மெதுவா வளர்றது சிலது ஆறாம் நாள்தான்ணா உப்பும். உப்பியிருக்குது."

சிட்டிபாபு எழுந்து சட்டையைத் தேடி எடுத்தான்.

"எப்ப வரட்டும்?"

"நாலரைக்கு."

"நாலரைன்னா ராகு காலமாச்சே."

"அதாலதான்ணா" என்றாள். "அப்ப ஒருத்தரும் மாளிகைப் பக்கம் வர மாட்டாங்க. சாரு அந்த நேரத்துல காரைக்கூட எடுக்க மாட்டாரு. டாக்டர் மேடம்கிட்டப் பேசிட்டேன். வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அக்காவத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க."

சிட்டிபாபு அம்மாவிடம் கோயிலுக்குப் போவதாகச் சொன்னான். ராகு காலத்தில் துர்க்கைக்கு விளக்குப் போடுவது வழக்கம்தான் என்பதால் அவளும் சந்தேகப்படவில்லை. பிரவீனா பைக்கின் பின்னால் உட்கார, பள்ளத்துக்குப் பள்ளம் நிறுத்தி நிறுத்தி வண்டியை ஓட்டினான். ஷிப்டுக்கு ஐம்பது பேரை ஏற்றிப் பறக்கிறவனை அன்று சைக்கிள்காரர்கள் திட்டிக்கொண்டே முந்திப்போனார்கள்.

மாளிகையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார்கள். நேற்றைய வாழை மரம் மூலையில் சாய்ந்து கிடந்தது. பின்னறையில், வண்ணம் உரிந்த பழைய பெட்டியின் நசுங்கிய கதவில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'வண்டி ஓடும்போது கதவைத் திறக்காதீர்.'

டாக்டர் மங்கையர்க்கரசி சாதாரணச் சுங்கடிப் புடவையில் வந்திருந்தார். கையைக் கழுவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"நேத்து நான் எழுந்து வந்திருக்கணும். சால்வை போட்டுட்டாங்க. பாதியில எழுந்தா நல்லா இருக்காதுன்னு உக்காந்துட்டேன். பதினாறு வருஷம் படிச்சிருக்கேன், ஒரு சால்வையத் தள்ளிட்டு எழுந்திருக்க வரல."

பிரவீனா படுத்தாள். "மேடம், இந்தத் தடவை யாராவது பேசுவாங்களா?"

"யாரும் பேச மாட்டாங்கம்மா."

பேசவில்லை. பெரிய விளக்கை அணைத்தார்கள். கிருஷ்ணவேணி மெல்லிய குழாயில் கருவை எடுத்துவந்து கொடுத்தாள். டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்ற சிட்டிபாபுவைக் கூப்பிட்டார்.

"வாங்க, இங்க வந்து பாருங்க. உள்ள போறது புள்ளி மாதிரி தெரியும்."

சிட்டிபாபு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். "வேணாம் மேடம். நான் பாக்கல."

திங்கட்கிழமை காந்தி ரோட்டில் புதிய பேனர் எழுந்தது. தலைவரின் கைக்குக் கீழே குனிந்த கோலத்தில் சிட்டிபாபு, பக்கத்தில் கேடயம், மேலே 'எங்கள் வெற்றித் தம்பதி'. தம்பதியில் பிரவீனா படத்தில் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. மாளிகையில் கூட்டம் கூடியது. குப்புசாமிக்கு உதவியாக இன்னோர் ஆளை வைத்தார்கள்.

ரத்தப் பரிசோதனைக்குரிய நாள் வந்தது. பிரவீனா தனியாகப் போய்விட்டுத் தனியாகத் திரும்பினாள். ஒன்றும் சொல்லவில்லை. சிட்டிபாபுவும் கேட்கவில்லை. இடையில் மாளிகையிலிருந்து போன் வந்தது. தேர்ச்சிப் பெருவிழாத் தம்பதிகளின் கருத்தைக் காணொளியாகப் பதிவு செய்கிறார்களாம். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டான்.

சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பும்போது உள்ளறையை எட்டிப்பார்த்தான். ஜன்னல் சாத்தியிருந்தது. பிரவீனா தையல் மெஷினில் குனிந்திருந்தாள். தைத்துக்கொண்டிருந்தது அவளுடைய சொந்த பிளவுஸ். எல்லாப் பிளவுஸிலும் பக்கத் தையலுக்கு உள்ளே அவள் ஒரு விரல் துணிதான் விடுவாள். உடம்பு பெருக்கப்போகிற பெண்களுக்கு மட்டும், பின்னால் பிரித்துவிட வசதியாக மூன்று விரல் விடுவாள். இதைப் பத்து வருஷமாகப் பார்த்துவருகிறவன் அவன்.

மூன்று விரல் விட்டிருந்தாள்.

சிட்டிபாபு வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். பிரவீனா தலை நிமிராமல் மெஷினை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த செல்லியம்மாள் குரல் கொடுத்தாள். "ஏம்மா பிரவீனா, இருட்டுல உக்காந்துக்கினு என்னா தைக்கற? வெளிச்சத்துல எடுத்தாந்து தையேன்."

"அவ அங்கயே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, சிட்டிபாபு அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.